ஆய்வு தொடங்கும்முன் 'பின்னணியைப் படி' என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது?

கடைசிபெஞ்ச் எழுதியது:

வணக்கம் மக்களே. முதுகலை வரலாறு, முதலாண்டு. பருவக் கட்டுரைக்கு 'காலராவின் வரலாறு' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதலில் பின்னணியைப் படித்துவிட்டு வாருங்கள், தலைப்பை அப்புறம் பேசலாம்" என்று முடித்துவிட்டார். பின்னணி என்றால் எது, எந்த அலமாரி என்று திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

நூலகத் தேடுபெட்டியில் 'காலரா' என்று போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. பாதி மருத்துவ இதழ்க் கட்டுரைகள். சுருக்கம் படிப்பதற்குள்ளேயே மூச்சு முட்டுகிறது. மீதி ஏதோ ஒரு துறைமுகத்தில் ஏதோ ஓர் ஆண்டில் நடந்ததை நுணுக்கி நுணுக்கி எழுதியவை. எதிலிருந்து தொடங்குவது? விக்கிப்பீடியா பார்த்தால் தப்பா?

கணிமை எழுதியது:

தப்பெல்லாம் ஒன்றுமில்லை. விக்கிப்பீடியா, ஒரு சாட்பாட், முடிந்தது வேலை. ஒரு மணி நேரம் போதும். நூலகத்துக்கு ஏன் நடக்க வேண்டும்?

நூலகப்பூனை எழுதியது:

கணிமை, உங்களிடம் பிறகு வருகிறேன் :)

கடைசிபெஞ்ச், நான் ஒரு நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் வேலை பார்ப்பவள், எதை எந்த நூலில் தேடுவது என்று வழிகாட்டும் இடம். பருவம் தொடங்கினால் போதும், உங்கள் கேள்வியோடு வரிசையில் நிற்பார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

தேடுபெட்டி உங்களுக்குக் காட்டியதெல்லாம் துறைக்குள் ஏற்கெனவே இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. இதழ்க் கட்டுரை எழுதுகிறவர், 1854-இல் லண்டனில் என்ன நடந்தது, ராபர்ட் கோக் யார் என்பதெல்லாம் வாசகருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் பேனாவைத் திறப்பார். அதையெல்லாம் தெரியவைப்பதற்கென்றே வேறு வகை நூல்கள் இருக்கின்றன: கலைக்களஞ்சியம், துறை அகராதி, கையேடு, காலவரிசை நூல், நூற்பட்டியல், அப்புறம் 'கம்பேனியன்' என்று பெயரிட்டு வரும் கட்டுரைத் தொகுப்புகள். உங்கள் வழிகாட்டி சொன்ன பின்னணி இவைதான்.

பொதுக் கலைக்களஞ்சியத்தில் அதிக நேரம் போடாதீர்கள். பிரிட்டானிக்கா போன்றதில் காலரா பற்றிய பகுதியை ஒருமுறை படித்து, நோய் எப்படிப் பரவுகிறது என்ற அடிப்படை பிடிபட்டதும் மூடிவிடுங்கள். உங்களுக்குத் தேவை துறைக் கலைக்களஞ்சியம். மருத்துவ வரலாறு, கொள்ளைநோய்களின் வரலாறு என்ற பக்கம் போங்கள். கேம்பிரிட்ஜ் 1993-இல் வெளியிட்ட மனித நோய்களின் உலக வரலாறு என்ற பெருந்தொகுதியில் முக்கியமான நோய் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை உண்டு. எழுதியவர் பெயரும் இருக்கும், கீழே நூற்பட்டியலும் இருக்கும். அந்த நூற்பட்டியலுக்காகவே அதை எடுக்கலாம்.

அலமாரியில் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் நூலகம் துறைக்கொரு எண் கொடுக்கும் டூயி முறையில் நூல்களை அடுக்கியிருந்தால், 030-இல் பொதுக் கலைக்களஞ்சியங்கள் இருக்கும். அதோடு, எந்தத் துறை எண்ணுக்குப் பின்னாலும் '03' ஒட்டிக்கொண்டால் அது அந்தத் துறையின் அகராதி அல்லது கலைக்களஞ்சியம். மருத்துவம் 610, அதாவது 61; அதன் பின்னால் 03 சேர்ந்தால் 610.3. வரலாற்றின் 9-க்கு 903. தத்துவத்தின் 1-க்கு 103. இந்த 03-ஐ மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு குறிப்புதவி அறையைச் சுற்றி வந்தால், எந்தப் பாடமானாலும் முதல் நூல் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டாம். 016-ஐயும் பாருங்கள், அது பொருள்வாரி நூற்பட்டியல்களின் இடம். அங்கே யாரும் போவதில்லை. போனவர்களுக்கு யோகம்.

கணினிக் கேட்லாகில் தேடுவதானால் 'காலரா, கலைக்களஞ்சியம்' என்று போடாதீர்கள். ஒரே நோய்க்குத் தனிக் களஞ்சியம் கிடைப்பது அரிது. ஒரு படி மேலே ஏறுங்கள். 'கொள்ளைநோய்கள்', 'மருத்துவம், வரலாறு' என்ற பொருள்தலைப்பைப் பிடித்து, அதன் கீழே 'கலைக்களஞ்சியங்கள்', 'அகராதிகள்', 'நூற்பட்டியல்', 'கையேடுகள்' என்று கிளை பிரிகிறதா என்று பாருங்கள். ஆங்கிலக் கேட்லாகிலும் இதே கிளைகள் உண்டு.

கடைசிபெஞ்ச் எழுதியது:

மேடம், 610.3 என்பதற்கு இதுதான் அர்த்தமா! பார்த்திருக்கிறேன், ஏதோ வரிசை எண் என்று நினைத்துக் கடந்துபோய்விட்டேன். ஒரு சந்தேகம்: அந்தக் கட்டுரையை எடுத்த பிறகு என்ன செய்வது? முழுக்கக் குறிப்பெடுக்கவா?

நூலகப்பூனை எழுதியது:

வேண்டவே வேண்டாம். களஞ்சியத்தை நோட்டில் நகலெடுத்து வைத்துக்கொண்டு "படித்துவிட்டேன்" என்று வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒரே ஒரு தாள் போதும். பெயர், ஆண்டு, இடம், சண்டை: இந்த நான்கும் விழ வேண்டும். சண்டை என்றால் அறிஞர்கள் எதில் ஒத்துப்போகவில்லை என்பது.

காலராவுக்கு அந்தத் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1817, முதல் உலகப் பரவல். 1961-இல் தொடங்கிய ஏழாவது இன்னும் முடியவில்லை. 1849, லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ, தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று சிறு நூல். 1854, லண்டன் பிராட் தெரு பம்பு, அதன் தண்ணீரால்தான் அங்கே காலரா பரவியது என்று ஸ்னோ காட்டுகிறார். அதே 1854, ஃப்ளோரன்ஸில் பாச்சினி நுண்ணோக்கியில் கிருமியைப் பார்க்கிறார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1883-84, ஜெர்மன் மருத்துவர் கோக், முதலில் எகிப்து, பிறகு கல்கத்தா, காலராக் கிருமியை அடையாளம் காண்கிறார். 1892, மியூனிக்கின் பெட்டன்கோஃபர், நோய் வரக் கிருமி மட்டும் போதாது என்று வாதாடி அதை வளர்த்த திரவத்தைக் குடித்தே காட்டுகிறார், பிழைத்தும் கொள்கிறார். 1851, பாரிஸ், முதல் சர்வதேச சுகாதார மாநாடு. சண்டை: ஆளிடமிருந்து ஆளுக்கு வரும் தொற்றா, அழுகலிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றா? கப்பலைத் தடுத்து நிறுத்துவதா, வேண்டாமா?

இப்போது மறுபடி தேடுபெட்டிக்குப் போங்கள். 'காலரா' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாகக் கையில் பத்துப் பிடிமானம் இருக்கிறது. 'பெட்டன்கோஃபர், 1892' என்று போட்டால் வருகிற பட்டியலை நீங்களே சமாளிக்கலாம். 19ஆம் நூற்றாண்டு நூல்களைத் தேடும்போது 'ஆசியக் காலரா' என்றும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், அன்று அப்படித்தான் எழுதினார்கள்.

தாளில் எந்த வரியைத் தாண்டிப் போக உங்களுக்கு மனசு வரவில்லையோ, கட்டுரைத் தலைப்பு அங்கேதான் இருக்கிறது.

மேகலா_உயிரியல் எழுதியது:

நூலகப்பூனை அக்கா சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறிவியல் பக்கத்தில் கலைக்களஞ்சியத்தை நம்பி இறங்கினால் பழைய சரக்குதான் கிடைக்கும். அச்சாகி வருவதற்குள் துறை நகர்ந்துவிடும். நாங்கள் நேராக ரிவ்யூ கட்டுரைக்குத்தான் போவோம். 'ஆனுவல் ரிவ்யூஸ்' வரிசை 1932-இல் உயிர்வேதியியலோடு தொடங்கியது. இப்போது பல துறைகளுக்கு வருகிறது. ஒரு துறையில் சமீபத்திய வேலையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து படித்து, எது நின்றது எது விழுந்தது என்று சொல்லிவிடுவார். அதைவிட நல்ல பின்னணி எது?

நூலகப்பூனை எழுதியது:

மேகலா, ரிவ்யூ கட்டுரை அருமையான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் துறைக்குள் இருப்பவருக்காக எழுதியது. முதல் பத்தியிலேயே முப்பது மேற்கோள் அடைப்புக்குறிக்குள் நிற்கும். உங்களுக்கு அது பின்னணி. முதலாண்டு மாணவருக்கு அது இரண்டாம் படி. களஞ்சியத்தில் ஒரு நாள் செலவழித்தவருக்குத்தான் ரிவ்யூ கட்டுரை திறக்கும்.

வரலாற்றில் அதற்கு இணையாக இருப்பது வரலாற்றெழுதியல் கட்டுரை: இந்தப் பொருளைப் பற்றி இதுவரை யார் யார் எப்படி எழுதினார்கள், எங்கே திசை மாறியது என்று பேசுவது. இன்னொன்று ஆக்ஸ்போர்டு பிப்ளியோகிராஃபீஸ். நூல் பெயர்களை அடுக்குவதோடு நிற்காமல், இந்த நூல் எதற்கு உதவும், யாருக்கு உதவும் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி எழுதியிருப்பார்கள். சந்தா கட்டிய நூலகத்தில்தான் முழுதாகத் திறக்கும். உங்கள் நூலகத்தின் தரவுத்தளப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். தத்துவம் படிக்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, 1995 முதல் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம், துறை அறிஞர்களே எழுதுவது.

கணிமை எழுதியது:

சரி, என் பக்கமும் கொஞ்சம் வாங்க. நீங்கள் எழுதிய அந்த ஒரு தாளை சாட்பாட் பத்து நொடியில் தரும். கேட்டும் பார்த்தேன். ஸ்னோ, கோக், பெட்டன்கோஃபர் எல்லோரும் வந்துவிட்டார்கள். இப்போது சொல்லுங்கள், 610.3 எதற்கு?

செல்லரித்தஏடு எழுதியது:

கணிமை, நூல் பட்டியல் கேட்டீர்களா? அதைக் கேட்டுவிட்டு, வந்த தலைப்பு ஒவ்வொன்றையும் கேட்லாகில் போட்டுப் பாருங்கள்.

கணிமை எழுதியது:

கேட்டேன். ஆறு தலைப்பு தந்தது. நாலு கிடைத்தது. ஒன்றில் ஆசிரியர் உண்மையான ஆள், நூல்தான் எங்கேயும் இல்லை. இன்னொன்றில் இரண்டுமே இல்லை. ஆனாலும் நாலு சரிதானே?

நூலகப்பூனை எழுதியது:

எந்த நாலு என்று கேட்லாகில் பார்த்த பிறகுதானே தெரிந்தது? அப்புறம் என்ன, நூலகத்துக்கு வந்தாயிற்று :)

சாட்பாட்டை விரட்டச் சொல்லவில்லை. புரியாத பத்தியை எளிமையாகச் சொல்லச் சொல்லுங்கள், மாற்றுத் தேடுசொற்கள் கேளுங்கள், அதிலெல்லாம் கெட்டிக்காரன்தான். அது தந்த பெயரையும் ஆண்டையும் மட்டும் சரிபார்க்காமல் தாளில் ஏற்றாதீர்கள். களஞ்சியக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பதிப்பாசிரியர் குழு ஒன்று அதைப் பார்த்திருக்கிறது; தப்பென்றால் யாரைக் கேட்பது என்று நமக்குத் தெரியும்.

விக்கிப்பீடியாவைப் பற்றியும் கடைசிபெஞ்ச் கேட்டிருந்தார். தாராளமாகப் படியுங்கள், ஆனால் கீழிருந்து மேலாக. மேற்கோள் பட்டியலையும் 'மேலும் படிக்க' பகுதியையும் முதலில் பாருங்கள். பல்கலைக்கழகப் பதிப்பக நூல்கள் அங்கே எத்தனை, செய்தித்தளங்கள் எத்தனை? பிறகு, எழுதுகிறவர்கள் தங்களுக்குள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தைத் திறங்கள். அங்கே எதைப் பற்றி அடித்துக்கொள்கிறார்களோ, பெரும்பாலும் துறையிலும் அதைப் பற்றித்தான் அடித்துக்கொள்கிறார்கள். கட்டுரையில் மேற்கோளாக மட்டும் அதைப் போடாதீர்கள். சொந்த ஆய்வை ஏற்பதில்லை என்று அதுவே விதி வைத்திருக்கிறது; அதில் உள்ளது எல்லாம் வேறு எங்கோ இருந்து வந்தது. அந்த வேறு எங்கோவுக்குப் போய்விடுங்கள்.

மேகலா_உயிரியல் எழுதியது:

அப்படியானால் அச்சுக் கலைக்களஞ்சியத்தையும் மேற்கோளாகப் போடக் கூடாதுதானே? அதுவும் மூன்றாம் நிலைச் சான்றுதான், பிறர் எழுதியதைத் தொகுத்துச் சொல்வது.

நூலகப்பூனை எழுதியது:

பொதுக் களஞ்சியத்தை நான் போட மாட்டேன். துறைக் களஞ்சியத்தில் பெயர் பெற்ற ஆய்வாளர் கையெழுத்திட்டு எழுதிய கட்டுரை, அதில் அவருடைய தனிக் கருத்து ஒன்று இருக்கிறது என்றால் போடலாம். ஆண்டு, இடம் போன்ற தகவலுக்காகப் போட்டால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு.

செல்லரித்தஏடு எழுதியது:

எல்லோரும் புதிய பதிப்பையே பேசுகிறீர்கள். வரலாற்று மாணவருக்குப் பழைய கலைக்களஞ்சியம்தான் புதையல், அதை யாராவது சொல்ல வேண்டாமா?

பிரிட்டானிக்காவின் 9ஆம் பதிப்பு 1875 முதல் 1889 வரை தொகுதி தொகுதியாக வந்தது. காலரா ஆங்கில அகரவரிசையில் முன்னாலேயே வந்துவிடும். ஆகவே அந்தத் தொகுதி கோக் எகிப்துக்குப் போவதற்கு முன்பே அச்சேறிவிட்டது. அடுத்து 1910-11-இல் வந்த 11ஆம் பதிப்பை எடுங்கள், 29 தொகுதி. அங்கே கிருமி வந்துவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படித்த மனிதர் ஒருவர் காலராவைப் பற்றி என்ன நம்பினார், அந்த நம்பிக்கை எப்படி மாறியது என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். அப்போது அது பின்னணி நூல் என்ற நிலை மாறி, அந்தக் காலத்தின் நேரடிச் சாட்சியம், முதல்நிலைச் சான்றே ஆகிவிடும். மேகலா கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: இப்படிப் பயன்படுத்தினால் கூச்சமில்லாமல் மேற்கோள் போடலாம். இரண்டு பதிப்புக்கும் பதிப்புரிமை காலாவதி, இணையத்தில் ஸ்கேன் செய்த படிகள் கிடைக்கும்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. கட்டுரையைத் தமிழில்தான் எழுதுகிறேன். தமிழில் இப்படிப் பார்க்க ஏதாவது உண்டா?

செல்லரித்தஏடு எழுதியது:

உண்டு. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியர், 1954-இல் முதல் தொகுதி, 1968-க்குள் பத்துத் தொகுதி. தமிழ்ப் பல்கலைக்கழகம் பின்னாளில் அறிவியலுக்கு ஒன்று, வாழ்வியலுக்கு ஒன்று என்று தனித்தனிக் களஞ்சியங்கள் கொண்டுவந்தது. துறைச் சொற்களைத் தமிழில் எப்படிக் கையாள்வது என்று பார்க்கவே இவற்றைப் புரட்ட வேண்டும்.

ஆனால் பதிப்பாண்டை முதலில் பாருங்கள். 1968-க்குள் முடிந்த களஞ்சியத்தில் ஏழாவது பரவல் முழுதாக எப்படி இருக்கும்? வாய்வழி உப்புச் சர்க்கரைக் கரைசல் சிகிச்சை 1970களில்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதைத் தேடி அங்கே ஏமாறக் கூடாது. எந்தக் குறிப்புதவி நூலானாலும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்க்காமல் உள்ளே நுழைவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணிமை எழுதியது:

இழையைக் கடத்தவில்லை, ஒரு உருப்படியான கேள்வி. குறிப்புதவி நூலை வீட்டுக்குத் தர மாட்டார்கள். வேலைக்குப் போகிறவன் எப்போது உட்கார்ந்து படிப்பது?

நூலகப்பூனை எழுதியது:

நல்ல கேள்வி. முதலில், உங்கள் நூலகம் அதே நூலை மின்வடிவில் வாங்கியிருக்கிறதா என்று தரவுத்தளப் பட்டியலில் பாருங்கள். பிரிட்டானிக்கா அச்சுப் பதிப்பை 2012-இல் நிறுத்தியதிலிருந்து பல நூலகங்கள் குறிப்புதவிக்கான பணத்தை மின்வடிவின் பக்கமே திருப்பிவிட்டன. வீட்டிலிருந்தே உள்நுழைய வழி இருக்கும். இல்லையென்றால் உங்களுக்கு வேண்டியது ஒரு கட்டுரைதான், முழுத் தொகுதி இல்லை. நான்கைந்து பக்கம் நகலெடுக்கப் பெரும்பாலும் விடுவார்கள். நூற்பட்டியல் பக்கத்தைச் சேர்த்து எடுங்கள், நிறையப் பேர் அதை விட்டுவிட்டுப் போய் மறுநாள் வருவார்கள். தலைப்புப் பக்கத்தையும் எடுங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் குறிப்புதவி அறையில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் சொன்ன மாதிரி ஒரு தாள். எனக்கு மனசு நின்ற வரி ஸ்னோ இல்லை, அந்த மாநாடுகள்.

1851 பாரிஸில் 12 நாடுகள் கூடியிருக்கின்றன, நாட்டுக்கு இரண்டு பேர், ஒருவர் மருத்துவர், ஒருவர் தூதர். அப்புறம் 1859, 1866, 1874, 1881, 1885 என்று கூடிக்கொண்டே இருக்கிறார்கள். முதன்முதலாக நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் 1892 வெனிஸில்தான், அதுவும் காலராவுக்கு மட்டும், சூயஸ் கால்வாய் வழியாகப் போகும் கப்பல்களுக்கு. 41 ஆண்டு! இடையில் 1869-இல் கால்வாய் திறந்தாயிற்று, 1883-84-இல் கிருமியும் கிடைத்தாயிற்று. 1885 ரோம் மாநாட்டில் கோக்கே உட்கார்ந்திருக்கிறார், அப்போதும் உடன்பாடு இல்லை.

மருத்துவர்கள் ஒத்துப்போகாததால் தாமதமா, தூதர்கள் ஒத்துப்போகாததால் தாமதமா என்று கேட்டு எழுதலாமா? வழிகாட்டியிடம் போவதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன்.

மேகலா_உயிரியல் எழுதியது:

'காலராவின் வரலாறு' எங்கே, இது எங்கே! தைரியமாகப் போங்கள்.

செல்லரித்தஏடு எழுதியது:

நல்ல கேள்வி. பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களுக்காகத் தனிமைப்படுத்தலை எதிர்த்தது என்ற சங்கதி உங்கள் களஞ்சியக் கட்டுரையில் எப்படியும் வந்திருக்கும். அதை மட்டுமே காரணமாக்கிவிடாதீர்கள். கெட்ட காற்றுக் கொள்கையை உண்மையாகவே நம்பிய மருத்துவர்களும் அந்த அறையில் இருந்தார்கள்.

நூலகப்பூனை எழுதியது:

இனி நீங்கள் பின்னணியை விட்டு நகரலாம். உங்கள் நூற்பட்டியலில் நார்மன் ஹோவர்ட்-ஜோன்ஸ் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். 1851 முதல் 1938 வரை நடந்த மாநாடுகளின் அறிவியல் பின்னணி பற்றி அவர் எழுதியதை உலக சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்டது. அளவான நூல்தான். நீங்கள் கேட்கும் அதே கேள்வியின் மருத்துவப் பாதி அதில் இருக்கிறது. அரசியல் பாதிக்கு வேறு ஆட்களைத் தேட வேண்டும். அவருடைய அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

இருக்கிறது மேடம், இரண்டு களஞ்சியத்திலும் அவர் பெயர் வருகிறது. ஆனால் அடிக்குறிப்பில் மாநாட்டு நடவடிக்கைக் குறிப்புகள் எல்லாம் பிரெஞ்சு. எனக்கு பிரெஞ்சு வராது.

நூலகப்பூனை எழுதியது:

மாநாட்டு மொழி அன்று பிரெஞ்சுதான். 1866-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடியபோது காலரா எங்கே தோன்றுகிறது, எப்படிப் பரவுகிறது என்று ஒரு குழு அறிக்கை தந்தது. அதற்கு 1867-லேயே பாஸ்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. அதிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்ற ஆவணங்களிலும் மாநாடுகள் பற்றிய ஆங்கில அறிக்கைகள் உண்டு, எங்கள் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். உங்கள் நூலகத்தில் அந்தச் சந்தா இருக்கிறதா என்று நாளைக்கு அங்குள்ள குறிப்புதவி மேசையில் கேளுங்கள். இந்த முறை வாய் திறந்து கேளுங்கள்.